வெளியே போய் மறுபடி வா

அவர் வீட்டுக்குள் முதல் தடவையிலேயே நுழைந்தவர் என்று யாரும் கிடையாது. சிலிண்டர் போடுகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர், அவருடைய சொந்த மாமியார், யாராக இருந்தாலும் சரி, வாசற்படியைத் தாண்டிக் காலை வைத்ததும் உள்ளேயிருந்து குரல் வரும். “நில்லு. வெளியே போய் மறுபடி வா.”

முதல்முறை கேட்கிறவர்கள் செருப்பை எங்கேயோ தப்பான இடத்தில் விட்டுவிட்டோம் போல என்று பயந்துபோவார்கள். அவர் சாவகாசமாக விளக்குவார். “எங்கேருந்து வர்றே, எதுக்கு வர்றே, உனக்கு என்ன வேணும். இந்த மூணும் தெரியாம ஒரு மனுஷன் எந்த வாசலையும் தாண்டக் கூடாது.”

“கேஸ் போட வர்றேன் சார். நம்பர் சொல்லுங்க, நேரமாவுது” என்றார் சிலிண்டர்காரர்.

“அது தெரியுதுப்பா. ஆனா நீ நுழைஞ்சது கேஸ் போட வந்தவன் மாதிரி இல்லியே. எங்கயோ சண்டை போட்டுட்டு வந்தவன் மாதிரியில்ல இருக்குது.”

அந்த ஆள் நிஜமாகவே பக்கத்துத் தெருவில் சில்லறைக்குச் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். இருக்கட்டுமே. அதற்காகத் தோளில் சிலிண்டரோடு ஒருவன் வெளியே போய் மறுபடி வர வேண்டுமா? வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு, இந்தப் பத்தி சரியாக வரவில்லை, மறுபடி எழுது என்று போன் செய்வார். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வாடகைக்கு இருந்தார். எங்கள் பக்கத்தில் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. நர்சிங் படித்தவர்கள் உண்டு, பாலிடெக்னிக் உண்டு, பி.எட். கணக்கில்லாமல் உண்டு. புதுச்சேரிக்குப் போய் நாடகத்தில் எம்.ஏ. வாங்கிவந்த ஆள் அவர் ஒருவர்தான். அதனால் ஊரில் எந்தப் பிள்ளை எதைப் படிப்பது என்று பேச்சு வந்தாலும் அவர் பெயர் வந்துவிடும். “என்னா வேணா படி, அவன் படிச்சத மட்டும் படிக்காத” என்று.

அந்தப் படிப்புக்கு என்ன சம்பளம் என்று கேட்காத ஆளே கிடையாது. டீக்கடையில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் கேட்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். கேட்டவரின் தோளை நிமிர்த்திவிட்டு, “இப்ப கேளுங்க” என்பார். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது!

வருமானம் என்று பார்த்தால் அவருடைய மனைவிதான். ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் வேலை. காலை இருட்டோடு பஸ் பிடித்துப் போகும் அந்த அக்காவிடம் யாராவது “உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?” என்று கேட்டால், “படிச்சிருக்காரு” என்று மட்டும் சொல்லும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவருக்கும் வேலைகள் வராமல் இல்லை. கல்யாண மண்டபத்தில் மைக் பிடிப்பார். துணிக்கடைத் திறப்பு விழாவுக்கு ஆட்டோவில் குரல் கொடுப்பார். இதையெல்லாம்விட விசேஷமான வேலை ஒன்று இருந்தது. ஒரு மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று பழக, நோயாளி மாதிரி நடிக்க ஆள் கூப்பிடுவார்கள். இவர் போய்ப் படுத்துக்கொள்வார். ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் நெஞ்செரிச்சல். மதியச் சாப்பாடும் கையில் கொஞ்சம் பணமும் கிடைக்கும். உடம்பு நன்றாக இருப்பதற்கு யாரும் காசு தருவதில்லை, அவருக்கு வலிக்குத்தான் தந்தார்கள்.

அதற்கும் வீட்டில் ஒத்திகை. ஒரு மத்தியானம் அம்மா உப்பளத்திலிருந்து திரும்பும்போது அவர் வீட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால் மனுஷன் தரையில் புரண்டுகொண்டிருக்கிறார். அம்மா கையிலிருந்த தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு, “ஐயோ, யாராச்சும் வாங்களேன்” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறாள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “சித்தி, ஓடி வந்தது பிரமாதம். ஆனா கதவுகிட்ட ஒரு நொடி நின்னு பாத்துட்டு அப்புறம் கத்தியிருக்கணும்” என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து அன்று முழுக்கத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, “ஆனா வலி வந்தவன் மாதிரியேதான்டி இருந்தான்” என்றாள்.

உப்பளத்துப் பெண்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மழை வந்துவிட்டால் பாத்திகளெல்லாம் தண்ணீர் கட்டிக்கொள்ளும், உப்பு எடுக்க முடியாது, மாதக்கணக்கில் கூலி இருக்காது. அந்த மாதங்களுக்கான உதவித்தொகை ஒரு வருஷம் வராமல் இழுத்துக்கொண்டே போனது. மனு கொடுக்கப் போகிறோம் என்று அம்மாவும் மற்றப் பெண்களும் கிளம்பியபோது இவர் குறுக்கே வந்தார். ஆபீசர் முன்னால் போய் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது, ஒத்திகை பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். தெருவிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆபீசராக உட்கார்ந்தார். யார் முதலில் பேசுவது, யார் வெடித்த பாதத்தைக் காட்டுவது, எந்த இடத்தில் எல்லாரும் மௌனமாக நிற்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அம்மாவுக்குப் பாதம் காட்டுகிற வேஷம்.

போனார்கள். சொல்லிக் கொடுத்ததில் ஒரு வரி பிசகவில்லை. ஆபீசர் கடைசிவரை கேட்டுவிட்டு, “நல்லா நடிக்கிறீங்கம்மா, யார் சொல்லிக் குடுத்து அனுப்பினாங்க?” என்றாராம். அவ்வளவுதான். அம்மாவின் பாதம் என்னவோ நிஜமாகவே வெடித்திருந்தது. எல்லாரும் வாடிய முகத்தோடு திரும்பிவந்து நேராக இவர் வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். இவர் முகத்தில் ஒரே பூரிப்பு. “நல்லா நடிச்சீங்கன்னு ஆபீசரே சொல்லிட்டாரா!” பணம் பிறகு எல்லா ஊருக்கும் வந்தபோது எங்கள் ஊருக்கும் வந்தது. அது வேறு விஷயம். அந்த நிமிஷம் அவரை எதை எடுத்து அடித்திருந்தாலும் தப்பில்லை.

இப்படி ஒரு ஆள் மூன்று வீடு தள்ளி இருக்கிறபோதே, என் தங்கச்சி வினோ, பி.காம். முடித்த கையோடு, நானும் நாடகம்தான் படிக்கணும் என்று நின்றாள்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இல்லை. அம்மா உப்பு சுமக்கிறாள். நான் எம்.எஸ்சி. கணக்கு, பி.எட்., ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். மழை வந்தால் எங்கள் வீட்டுக்குள் குடை பிடிக்க வேண்டும். கூரையை மாற்றுவதற்கென்று அம்மா சீட்டுக் கட்டி எடுத்த பணம் பீரோவில் இருந்தது. வினோவுக்குத் திண்டிவனத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வேலையில் சேர வேண்டிய நாளும், நாடகப் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய கடைசி நாளும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. வேலைக்குப் போனால் கூரை. படிப்புக்குப் போனால் கூரையும் இல்லை, ரெண்டு வருஷத்துச் சம்பளமும் இல்லை, அதற்கப்புறம் என்ன என்றும் தெரியாது. நான் கணக்கு டீச்சர். இதில் போட்டுப் பார்க்க என்ன கணக்கு இருக்கிறது!

சொன்னேன். கெஞ்சினேன். கத்தினேன். “அந்த அண்ணனைப் பாத்துமா உனக்குப் புத்தி வரல?” என்றேன்.

“அவரைப் பாத்துதான்க்கா வந்துச்சு” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. அவரையே கூட்டி வந்து, அவர் கதையை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யதேச்சையாக வந்த மாதிரி வரட்டும். ஐயோ இந்தப் படிப்பு வேண்டாம்மா என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும்.

போய்ச் சொன்னேன். போனவுடனே இல்லை, மறுபடி ஒருமுறை நுழைந்த பிறகு. யோசித்துப் பார்த்துவிட்டு, “செய்யலாம் டீச்சர். பேமென்ட்?” என்றார்.

“அண்ணே! உங்க வாழ்க்கையத்தானே சொல்லப் போறீங்க?”

“வயித்துவலிக்கே காசு தர்றாங்க. வாழ்க்கைக்குத் தர மாட்டியா?”

ஐந்நூறு ரூபாய் பேசினோம். அதோடு விட்டாரா? ஒத்திகை வேண்டுமாம். நான்தான் வினோ. அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள், ஜன்னல் எந்தப் பக்கம், அம்மா அடுப்படியில் இருப்பாளா கூடத்தில் இருப்பாளா என்று துருவித் துருவிக் கேட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கிழிந்த சட்டையை எடுத்துவந்து போட்டுக்கொண்டார்.

“நீங்க போட்டிருந்ததே போதும்ண்ணே, அதுவே அப்படித்தான் இருக்குது” என்றேன். காதில் வாங்கவில்லை. வாசலில் தள்ளாடி நின்று, நெற்றியில் கையை வைத்து, “நாடகம் படிச்சேன், இன்னிக்கு நடுத்தெருவுல நிக்கிறேன்” என்றார்.

வேலை முடிந்து வந்து உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அந்த அக்கா எட்டிப் பார்த்தது. “நடுத்தெருவுல எங்க நிக்கிறே? வாடகை நான் கட்டறேனே.”

அவர் அதைக் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அந்த வரியை மாற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் வாசலைப் பார்க்காத மாதிரி பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வினோ தரையில் உட்கார்ந்து அம்மாவின் கால் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கிழிந்த சட்டையோடு அவர் வந்தார். படியில் கால் இடறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

வினோ தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். “அண்ணே, வெளியே போயிட்டு மறுபடி வாங்க.”

அவர் அப்படியே நின்றார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. முகத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. திரும்பி வெளியே போனார்.

போனவர் வெகுநேரம் வரவே இல்லை. ஓடிப்போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு வந்தார். வீட்டில் போட்டிருக்கிற பழைய டீஷர்ட்டும் லுங்கியுமாக. அவர் வந்ததே தெரியவில்லை, தெருவில் இருந்த ஆள் வீட்டுக்குள் இருந்தார், அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன மாசம் ரெண்டு கல்யாணத்துல மைக் புடிச்சேன்மா. ஒரு நாள் வயித்துவலி. அவ்ளோதான் வந்துச்சு. மிச்சமெல்லாம் அவ காசு” என்றார். “எம் பையன்கிட்ட ஸ்கூல்ல அப்பாவுக்கு என்ன வேலைன்னு கேட்டாங்களாம். அவன் அவங்க அம்மா வேலையச் சொல்லிட்டு உக்காந்துட்டான். அவனோட டீச்சர் வந்து என்கிட்ட சொல்லிச்சு.”

அம்மா காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வேற வேல பாத்திருக்கலாமே அண்ணே” என்றாள் வினோ.

“பாத்தேனே. உப்பு பாக்கெட் போடற கம்பெனில சூப்பர்வைசரா இருந்தேன். லாரிக்காரங்க உள்ள வந்தா சும்மா வுடணும். என்னால முடியல. ஒருத்தன் தோள் தொங்கிப் போய் வர்றான், என்னான்னு கேக்காம எப்படி லோடு ஏத்தறது? கேட்டேன். லோடு லேட்டாச்சு. அனுப்பிட்டாங்க. நாடகம் படிச்ச ரெண்டு வருஷத்துல ஒருத்தன் ஏன் இப்படி நிக்கிறான்னு பாக்கக் கத்துக்குனேன்மா. அது சம்பளமும் தரல, என்னை வுட்டும் தொலையல. அதுக்கு என்ன விலைன்னு என்னைக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

“அப்ப நான் சேரட்டா, வேணாமா?”

“எனக்குத் தெரியல. சேராதேன்னு சொல்றதுக்குத்தான் உங்க அக்கா ஐந்நூறு ரூபா பேசியிருக்குது.”

படுபாவி! பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். வினோ கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் படவில்லை. என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பவள் மாதிரி கேட்டாள். “உனக்கு எவ்ளோக்கா வருது?”

“அது வேற, இது வேற” என்றேன்.

“எம்.எஸ்சி., பி.எட். ஏழு வருஷப் படிப்பு. எவ்ளோ வருது?”

வீட்டில் மூன்று பேருக்குமே தெரியும். அம்மா நல்ல சீசனில் உப்பு சுமந்து கொண்டுவருவதைவிடக் கொஞ்சம்தான் கூட. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அதுவும் பாதி. ஆனால் என் படிப்புக்கு என்ன மதிப்பு என்று டீக்கடையில் யாரும் கேட்டதில்லை. கணக்கு என்று சொன்னால் போதும், எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் பேப்பர் திருத்தினேன். எந்தப் பிள்ளைக்கு என்ன மார்க் போட்டேன் என்று தெரியாது.

அன்று இரவு சாப்பிடும்போது வினோ சொல்லிவிட்டாள். “நான் சேரப்போறேன். அவர் முதல்ல வந்த மாதிரியே பேசியிருந்தாருன்னா, படிச்சும் இவ்ளோதானான்னு பயந்திருப்பேன்.”

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். செருப்போடு நுழைந்தேன். கையில் இருந்த குடையை நாற்காலியில் வீசினேன். “உங்களை என்ன சொல்லக் கூப்ட்டேன், நீங்க என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க? நல்ல வேலை போச்சு, கூரை போச்சு. அவளும் உங்கள மாதிரி பொண்டாட்டி, இல்ல, புருஷன் சம்பளத்துல உக்காந்து சாப்பிடட்டும். பேசின காசு ஒரு பைசா கிடையாது!”

அவர் எல்லாவற்றையும் கேட்டார். “பாதி குடுத்துடு டீச்சர்” என்றார்.

“என்னாத்துக்கு?”

“ரெண்டு தடவ வந்தேன் இல்ல? முதல் தடவை வந்தது வேலை. அது சரியா வரல, ஆனாலும் வேலை. அதுக்குக் குடு. ரெண்டாவதுக்கு வேணாம்.”

“ஏன், ரெண்டாவதுக்கு மட்டும் என்னா தருமமா?”

“அது நடிப்பு இல்லியே” என்றார்.

பர்ஸைத் திறந்து பாதியை எண்ணி அவர் கையில் திணித்தேன். அவர் அதை மடித்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார். இதோடு முடிந்தது என்று குடையை எடுத்தேன். அந்த ஆளுக்கு முடியவில்லை.

“டீச்சர், வெளியே போய் மறுபடி வா.”

“அண்ணே, வாய்ல ஏதாவது வந்துடப் போவுது!”

“கோவமாத்தான் பேசினே, ஆனா நீ வந்தது கோவம் மாதிரி இல்லம்மா. எங்கேருந்து வர்றேன்னு தெரியுது, ஸ்கூல்லேருந்து. எதுக்கு வந்தேன்னும் தெரியுது. உனக்கு என்ன வேணும்னு மட்டும்தான் தெரியல. அதத் தெரிஞ்சிக்கிட்டு வா.”

சனியன் பிடித்தவர் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனேன். ஏன் போனேன்? சிலிண்டர்காரர் அப்படிப் போனதற்கே எரிச்சல்பட்டவள் நான். தெருவில் நின்றேன். தெருக்கோடியில் உப்புக்குவியல்களின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மழை வரப்போகிறது. என்ன வேண்டும் எனக்கு? அவள் வேலைக்குப் போக வேண்டும். சரி, அது அவளுக்கு. கூரை வேண்டும். அது அம்மாவுக்கு. எனக்கு? பிளஸ் டூ முடித்தபோது கணக்கு எடு என்றார்கள், எடுத்தேன். பி.எட். போடு என்றார்கள், போட்டேன். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவள் வினோ ஒருத்திதான். அவள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அழுகையாக வந்தது.

“என்னம்மா, வர்றியா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் உள்ளே போகாமல் வீட்டுக்கு நடந்தேன். அம்மாவிடம், பீரோ சாவியை எடும்மா, நாளைக்குப் போய்க் கட்டிவிட்டு வரலாம் என்றேன். அந்த வருஷ மழையில் கூடத்தில் பாத்திரம் வைத்துத்தான் தூங்கினோம்.

அந்த அக்கா விடுதியிலேயே சமையலறைப் பொறுப்புக்கு வந்ததும் அவர்கள் ஆரோவில் பக்கமே வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. வினோ படிப்பை முடித்துவிட்டாள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை நடிக்க வைக்கிறாள். ஒரு மாதம் என்னைவிட அதிகம் வரும், அடுத்த மாதம் ஒன்றுமே வராது, கேட்டால் சிரிப்பாள். கூரை இன்னும் பாதிதான் மாற்றியிருக்கிறோம். அந்தப் படிப்பால் லாபமா நஷ்டமா என்று என்னிடம் கேட்காதீர்கள், போட்டுப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

அண்ணன் எப்போதாவது அவளுக்குப் போன் செய்வார். நாடகம், ஒத்திகை என்று ஏதேதோ பேசுவார்கள். வைக்கும் முன்னால் தவறாமல் ஒன்று கேட்பாராம். வினோ ஸ்பீக்கரில் போட்டு எனக்கே ஒருநாள் கேட்க வைத்தாள்.

“உங்க அக்கா என்னா பண்ணுது? இன்னும் வெளியவேதான் நிக்குதா?”